உரிமையாளரைத் தேடி: பாட்டு, புத்தகம், படம்

(நேரலை அமர்வில் ஆற்றிய உரையின் திருத்தி விரிவாக்கப்பட்ட எழுத்துவடிவம்)

  இன்று எனக்குத் தந்திருக்கும் தலைப்பு கொஞ்சம் வறட்சியானது. ஆனால் நம் அமர்வுகள் தொடர்ந்து நடக்கவேண்டுமென்றால் தவிர்க்கமுடியாதது. ஒரு பாட்டுக்கோ புத்தகத்துக்கோ படத்துக்கோ யார் உரிமையாளர் என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது? எங்கள் அமர்வுகளுக்கு முன்பு எந்தக் கவிதையை வாசிக்கலாம், எந்தப் பாட்டை ஒலிக்கவிடலாம், எந்தப் படத்திலிருந்து ஒரு காட்சியைக் காட்டலாம் என்று பார்த்துச்சொல்லும் வேலையைச் சில ஆண்டுகளாகச் செய்துவருகிறேன். நான் வழக்கறிஞன் அல்ல. தேடும் வழியைத்தான் சொல்லப்போகிறேன். பணமும் வழக்கும் சம்பந்தப்பட்ட இடத்தில் வழக்கறிஞரிடம்தான் போகவேண்டும்.

நம் எல்லோருக்கும் நினைவிருக்கும் ஒரு நிகழ்விலிருந்து ஆரம்பிக்கிறேன். 2017 மார்ச் மாதம் எஸ்.பி. பாலசுப்ரமணியம் தன் திரையிசைப் பயணத்தின் ஐம்பதாம் ஆண்டை ஒட்டி அமெரிக்காவில் கச்சேரிகள் நடத்திக்கொண்டிருந்தார். சுற்றுப்பயணத்தின் நடுவில் இளையராஜா தரப்பிலிருந்து வழக்கறிஞர் நோட்டீஸ் வந்தது. அனுமதியில்லாமல் தன் பாடல்களைப் பாடக்கூடாது என்று. நோட்டீஸ் பாடகர்களுக்கு மட்டும் அல்ல, கச்சேரியை ஏற்பாடு செய்தவர்களுக்கும் அரங்க நிர்வாகங்களுக்கும் சேர்த்துத்தான் என்று எஸ்.பி.பி. தன் முகநூல் பக்கத்தில் எழுதினார். மீதிக் கச்சேரிகளில் இளையராஜா பாடல்களைப் பாடப்போவதில்லை என்றும் அறிவித்தார்.

அன்று இங்கே எந்த விருந்துக்குப் போனாலும் இதுதான் பேச்சு. பாடியவருக்கே பாட உரிமையில்லையா என்று ஒரு கட்சி. போட்டவருக்குத்தானே பாட்டு சொந்தம் என்று இன்னொரு கட்சி. இரண்டு கட்சியுமே ஒரு விஷயத்தைக் கவனிக்கவில்லை. ‘பாட்டு’ என்று நாம் ஒற்றைச் சொல்லில் சொல்வது சட்டத்தின் கண்ணில் ஒரே பொருள் அல்ல. வரிகள் ஒன்று, மெட்டு ஒன்று, ஸ்டூடியோவில் பதிவான ஒலி ஒன்று. மூன்றுக்கும் மூன்று உரிமையாளர்கள் இருக்கலாம். மேடையில் பாடும்போது வரிகளும் மெட்டும் பயன்படுகின்றன, பழைய ஒலிப்பதிவு பயன்படுவதில்லை. பதிவை நேரலையில் ஓடவிட்டால் மூன்றுமே பயன்படுகின்றன. இந்திய சினிமாவில் இன்னொரு சிக்கல் உண்டு. வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் படத்துக்காக எழுதிய பாட்டுக்கும் போட்ட இசைக்கும் தயாரிப்பாளரே முதல் உரிமையாளர் என்று 1977ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. எழுதியவரும் இசையமைத்தவரும் தங்கள் ராயல்டிப் பங்கை எழுதிக்கொடுத்துவிட முடியாதபடி 2012ல் சட்டம் திருத்தப்பட்டது. இரண்டுக்கும் நடுவில் அகப்பட்ட பழைய ஒப்பந்தங்களைப் பற்றிய வழக்குகள்தான் சென்னை உயர் நீதிமன்றத்தில் ஆண்டுக்கணக்கில் நடக்கின்றன.

இப்படி உரிமை துண்டுதுண்டாகப் பிரிந்துகிடப்பது நமக்குப் புதிதல்ல. பாரதியின் பாடல்களுக்கே இது நடந்தது. 1940களில் அவற்றை அச்சிடும் உரிமை அவருடைய தம்பி சி. விசுவநாதனிடம் இருந்தது. திரைப்படத்திலும் இசைத்தட்டிலும் பயன்படுத்தும் உரிமையோ ஏவி. மெய்யப்ப செட்டியாரிடம் இருந்தது. 1947ல் அவர் எடுத்த ‘நாம் இருவர்’ படத்தில் டி.கே. பட்டம்மாள் பாரதி பாடல்களைப் பாடினார். அடுத்த ஆண்டு டி.கே.எஸ். சகோதரர்கள் ‘பில்ஹணன்’ படத்தில் ஒரு பாரதி பாடலைச் சேர்த்தபோது அது சட்டத் தகராறானது. நாட்டின் கவிஞனுக்கு ஒரு வணிகர் உரிமையாளரா என்ற கேள்வி எழுந்தது. 1949ல் ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் அரசு உரிமையைக் கையகப்படுத்தியது. பிறகு அது பொதுமக்களுக்கு விடப்பட்டது. இந்தக் கதையை முழுதாக அறிய விரும்புபவர்கள் ஆ.இரா. வேங்கடாசலபதியின் ‘பாரதி: கவிஞனும் காப்புரிமையும்’ நூலைப் படிக்கவேண்டும்.

ஆகவே பாரதி பாட்டு என்றால் எல்லாமே இலவசம் என்று நினைத்துவிடவேண்டாம். ஞான ராஜசேகரன் இயக்கி 2000ல் வந்த ‘பாரதி’ படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் வரும் பாரதியின் வரிகள் நம் எல்லோருக்கும் சொந்தம். இளையராஜா போட்ட மெட்டு அப்படியல்ல. அந்த ஒலிப்பதிவும் அப்படியல்ல. நம் அமர்வில் ஒரு நண்பர் அதே வரிகளைத் தன் சொந்த மெட்டில் பாடினால் யாரையும் கேட்கவேண்டியதில்லை.

எனவே தேடுவதற்கு முன்பு நான் மூன்று கேள்விகளை எழுதிவைத்துக்கொள்வேன். எந்த அடுக்கு? எந்த நாடு? என்ன பயன்பாடு? முதல் கேள்வியைப் பார்த்துவிட்டோம். இரண்டாவது, நாடு.

இந்தியாவில் எழுத்துக்கு உரிமைக்காலம், ஆசிரியர் இறந்த ஆண்டுக்குப் பின் 60 ஆண்டுகள். முன்பு 50 ஆக இருந்தது. தாகூரின் படைப்புகள் விடுபடும் தறுவாயில் பத்து ஆண்டு கூட்டப்பட்டது. இலங்கையில் 70 ஆண்டுகள். கனடாவிலும் 2022 இறுதியிலிருந்து 70. அமெரிக்காவில் 1978க்கு முன்பு வெளியானவற்றுக்குக் கணக்கே வேறு. ஆசிரியர் எப்போது இறந்தார் என்பதைப் பார்ப்பதில்லை, வெளியான ஆண்டிலிருந்து 95 ஆண்டுகள் எண்ணவேண்டும். 1929ல் வெளியானவை 2025 ஜனவரி 1 அன்று விடுபட்டன. ஒவ்வொரு புத்தாண்டிலும் இப்படி ஓர் ஆண்டுப் படைப்புகள் விடுபடுகின்றன.

சென்னையில் அச்சான தமிழ்ப் புத்தகத்துக்கு அமெரிக்கக் கணக்கு எதற்கு என்று கேட்கலாம். பயன்பாடு எங்கே நடக்கிறதோ அந்த நாட்டுச் சட்டம்தான் பொருந்தும். நாம் எடிசனிலோ ஃப்ரீமாண்ட்டிலோ டாலஸிலோ உட்கார்ந்து ஒளிபரப்புகிறோம். 1996 ஜனவரி 1 அன்று தன் சொந்த நாட்டில் உரிமை உயிரோடிருந்த அயல்நாட்டுப் படைப்புகளுக்கு அமெரிக்கா உரிமையை மீட்டுக்கொடுத்தது. 2012ல் அமெரிக்க உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றுக்கொண்டது. பாரதி மறைந்தது 1921. 1996க்கு வெகுகாலம் முன்பே இந்தியாவில் உரிமை முடிந்துவிட்டது, எனவே இங்கும் சிக்கல் இல்லை. உ.வே. சாமிநாதையர் மறைந்தது 1942. 1996ல் அவருடைய எழுத்துக்கு இந்தியாவில் உரிமை இருந்தது. ‘என் சரித்திரம்’ 1940 முதல் ஆனந்த விகடனில் தொடராக வந்தது. அந்தப் பகுதிகளின் உரிமைக்காலம் இந்தியாவில் 2002 இறுதியோடு முடிந்தது. அமெரிக்காவில் வெறும் ஆண்டுக்கணக்குப்படி 1940ன் பகுதிகள் 2035 இறுதிவரை ஓடும். கும்பகோணத்தில் யார் வேண்டுமானாலும் அச்சிடலாம், ஹூஸ்டனில் ஒரு கணம் யோசிக்கவேண்டும்.

அடுத்து நாட்டுடைமை. தமிழக அரசு, வாரிசுகளுக்குப் பரிவுத்தொகை கொடுத்து எழுத்தாளர்களின் நூல்களைப் பொதுவாக்கிவருகிறது. புதுமைப்பித்தன், கல்கி தொடங்கிப் பெரிய பட்டியல் அது. உரிமை கைமாறிப் பொதுவாக விடப்பட்டது என்பதால் வெளிநாட்டிலும் அது செல்லும் என்று வாதிட நல்ல இடமிருக்கிறது. ஆனால் எந்த ஆண்டு, யாருடைய, எந்த நூல்கள் என்பதற்கு அரசாணைதான் சான்று. அதன் நகலை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நாட்டுடைமை ஆனது எழுத்து மட்டும்தான் என்பதையும் மறக்கவேண்டாம். ‘பொன்னியின் செல்வன்’ நாவலை வாசிக்கலாம், நாடகமாக்கலாம். கல்கி இதழில் அதற்கு மணியம் வரைந்த ஓவியங்கள் கல்கியின் எழுத்தல்ல. புதுமைப்பித்தன் கதை பொதுவானது. ஒரு செம்பதிப்பில் பதிப்பாசிரியர் எழுதிய முன்னுரையும் குறிப்புகளும் அவருடையவை.

மொழிபெயர்ப்பும் அப்படித்தான். நம் பிள்ளைகளுக்காக அடிக்கடி ஏ.கே. ராமானுஜனின் ஆங்கிலக் குறுந்தொகையை வாசிக்கிறோம். குறுந்தொகை யாருக்கும் சொந்தமில்லை. ராமானுஜனின் மொழிபெயர்ப்பு நூல் 1967ல் இந்தியானா பல்கலைக்கழக வெளியீடாக வந்தது. 95 ஆண்டுக் கணக்கில் 2062 இறுதிவரை அதற்கு உரிமை உண்டு.

மூன்றாவது கேள்வி, பயன்பாடு. நம்மைப்போன்ற குழுக்கள் அவசியம் தெரிந்துகொள்ளவேண்டியது அமெரிக்கச் சட்டத்தின் 110ஆவது பிரிவின் நான்காம் உட்பிரிவு. லாபநோக்கம் இல்லாமல், பாடுபவருக்கோ வாசிப்பவருக்கோ ஏற்பாட்டாளருக்கோ ஊதியம் இல்லாமல், நுழைவுக்கட்டணம் இல்லாமல் நடக்கும் கூட்டத்தில் ஒரு கவிதையை வாசிக்கவோ பாட்டைப் பாடவோ அனுமதி தேவையில்லை. கட்டணம் வசூலித்தாலும் செலவு போக மீதியெல்லாம் கல்விக்கோ தருமத்துக்கோ போனால் சலுகை உண்டு, உரிமையாளர் முன்கூட்டியே எழுத்தில் ஆட்சேபிக்காத வரை. நூலகத்தின் கூடத்தில் நாற்பது பேர் கூடும் நம் சந்திப்புகளுக்கு இது பெரிய நிழல்.

ஆனால் அதே வாசகத்தில் ஒரு விலக்கும் இருக்கிறது. பொதுமக்களுக்கு ஒளிபரப்புவதற்கு இந்தச் சலுகை இல்லை. அறைக்குள் சரியாக இருக்கும் அதே வாசிப்பு, கேமராவைத் திறந்ததும் வேறொரு பயன்பாடாகிவிடுகிறது. அதைப் பதிவாக இணையத்தில் நிறுத்திவைத்தால் இன்னுமொன்று. அப்போது நமக்கு மிஞ்சுவது அனுமதி, அல்லது நியாயமான பயன்பாடு என்னும் கொள்கை. எதற்காக எடுக்கிறோம், படைப்பு எத்தகையது, எவ்வளவு எடுக்கிறோம், அதனால் உரிமையாளரின் விற்பனை கெடுமா என்ற நான்கையும் வைத்துத்தான் அது தீர்மானிக்கப்படும். ஒரு கதையைப் பற்றி அரைமணி நேரம் பேசி நடுவில் இரண்டு பத்தி வாசிப்பதற்கும், கதை முழுவதையும் வாசித்துப் பதிவேற்றுவதற்கும் உள்ள வித்தியாசம் இங்கேதான். நாடகத்துக்கும் சினிமாவுக்கும் 110ஆவது பிரிவின் இந்தச் சலுகை கிடையவே கிடையாது. கோமல் சுவாமிநாதனின் ‘தண்ணீர் தண்ணீர்’ நாடகத்தை இலவசமாகப் போட்டாலும் அனுமதி வேண்டும். பாலசந்தர் எடுத்த படத்தின் உரிமை வேறு, நாடகத்தின் உரிமை வேறு என்பதையும் நினைவில் கொள்ளவேண்டும்.

இனி எங்கே தேடுவது என்று பார்க்கலாம். பாட்டிலிருந்து தொடங்குகிறேன். இசைச் செயலிகளில் ஆல்பத்தின் அடிவரைக்கும் போய்ப் பாருங்கள். வட்டத்துக்குள் ‘பி’ என்ற எழுத்துக்குப் பக்கத்தில் இருக்கும் பெயர் ஒலிப்பதிவின் உரிமையாளர். பெரும்பாலும் அது இசை நிறுவனமாக இருக்கும். வரிகளுக்கும் மெட்டுக்கும் அமெரிக்காவில் ஆஸ்காப், பி.எம்.ஐ. ஆகிய சங்கங்களின் பொதுத் தரவுத்தளமான சாங்வியூவில் தேடலாம். இந்தியப் பாடல்களுக்கு ஐ.பி.ஆர்.எஸ். இருக்கிறது. அரங்கத்தை வாடகைக்கு எடுக்கும்போது, உங்களுக்கு எந்தெந்தச் சங்கங்களின் உரிமம் இருக்கிறது என்று முதலிலேயே கேளுங்கள். அந்த உரிமம் மேடையில் பாடுவதற்குத்தான். பாட்டைக் காட்சியோடு சேர்த்துக் காணொளியாக வைப்பதற்குச் சிங்க் உரிமை என்று தனியாக ஒன்று உண்டு, அதை நேரே உரிமையாளரிடம்தான் வாங்கவேண்டும்.

பழைய இசைத்தட்டுகளுக்கு 2018ல் வந்த சட்டம் ஒரு வழி திறந்தது. 1923க்கு முன்பு வெளியான ஒலிப்பதிவுகள் எல்லாம் 2022 ஜனவரி 1 அன்று அமெரிக்காவில் பொதுவாகிவிட்டன. கல்கத்தாவில் கிராமபோன் கம்பெனி அச்சிட்ட முதல் தலைமுறைத் தமிழ் இசைத்தட்டுகளை இங்கே தாராளமாக ஒலிக்கவிடலாம். 1935ல் வந்த தட்டு அப்படியல்ல. இந்தியாவில் 60 ஆண்டுக் கணக்கில் எப்போதோ விடுபட்டிருக்கும், இங்கே இன்னும் விடுபடவில்லை.

புத்தகத்துக்கு வருவோம். நல்ல சாட்சி புத்தகத்தின் பின்னட்டை அல்ல, தலைப்புப் பக்கத்தின் மறுபுறம். உரிமை ஆசிரியருக்கு என்றிருக்கிறதா, பதிப்பகத்துக்கு என்றிருக்கிறதா, முதற்பதிப்பு எந்த ஆண்டு என்று அங்கேதான் இருக்கும். மறுபதிப்பை நம்பக்கூடாது. முதற்பதிப்பைப் பார்க்க ஊருக்கு விமானம் ஏறவேண்டியதும் இல்லை. 1960களில் அமெரிக்கா கோதுமைக்கு ஈடாகப் பெற்ற ரூபாயில் இந்தியப் புத்தகங்களை வாங்கி இங்குள்ள பல்கலைக்கழக நூலகங்களுக்கு அனுப்பியது. பி.எல். 480 என்று சொல்வார்கள். பெர்க்லியிலும் ஆஸ்டினிலும் சிகாகோவிலும் தமிழ்ப் புத்தகங்கள் அடுக்கடுக்காக இருப்பதற்கு அது ஒரு காரணம். நூலகரிடம் கேட்டால் அந்த ஒரு பக்கத்தைப் படமெடுத்து அனுப்ப வழி சொல்வார்கள். இதழ்களில் முதலில் வந்த தேதிக்குச் சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம்.

அமெரிக்கப் பதிவேடுகள் நாடாளுமன்ற நூலகத்தின் பதிப்புரிமை அலுவலகத்தில் இருக்கின்றன. 1978க்குப் பின்னுள்ளவற்றை இணையத்திலேயே தேடலாம். அதற்கு முந்தையவை சுமார் நான்கரைக் கோடி அட்டைகளில் இருக்கின்றன. பே ஏரியாவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் நூல்களின் உரிமைப் புதுப்பித்தலுக்கு ஒரு தரவுத்தளம் வைத்திருக்கிறது. 1963 வரை அமெரிக்காவில் வெளியான நூலை 28ஆம் ஆண்டில் புதுப்பிக்காவிட்டால் உரிமை போய்விடும் என்பதால் அது பயனுள்ளது. ஆனால் நண்பர்கள் பலரும் அதில் ஒரு தமிழ்ப் புத்தகத்தைத் தேடி, இல்லை, ஆகவே இலவசம் என்று முடிவுகட்டுகிறார்கள். அயல்நாட்டு நூல்களுக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. டெக்சஸ் பல்கலைக்கழகத்தின் ஹாரி ரான்சம் மையமும் பிரிட்டனின் ரெடிங் பல்கலைக்கழகமும் சேர்ந்து நடத்தும் ‘வாட்ச்’ பட்டியலில் எழுத்தாளர்களின் உரிமை யாரிடம் இருக்கிறது என்ற விவரம் கிடைக்கும். ஆங்கிலத்தில் எழுதியவர்களுக்கே அது அதிகம் உதவும்.

ஒரு நூல் ஸ்கேன் செய்யப்பட்டு இணையத்தில் முழுதாகக் கிடைக்கிறது என்பதும் சான்றாகாது. சான் ஃபிரான்சிஸ்கோவின் இன்டர்நெட் ஆர்கைவ் மீது பதிப்பகங்கள் போட்ட வழக்கில் 2024ல் மேல்முறையீட்டிலும் பதிப்பகங்களே வென்றன.

சினிமாவுக்குத் தணிக்கைச் சான்றிதழ்தான் தொடக்கம். படம் ஆரம்பிக்கும் முன் திரையில் வரும் அந்தத் தாளில் விண்ணப்பித்த தயாரிப்பாளரின் பெயர் இருக்கும். ஆனால் தமிழ்ப் படத்தின் உரிமை தயாரிப்பாளரிடமே தங்குவது அபூர்வம். நெகட்டிவ் உரிமை ஒருவரிடம், சாட்டிலைட் இன்னொருவரிடம், டிஜிட்டல் வேறொருவரிடம், எஃப்.எம்.எஸ். என்று சொல்லப்படும் வெளிநாட்டு உரிமை நான்காமவரிடம் இருக்கும். ஒரு பழைய படத்தை நியூ ஜெர்சி நூலகத்தில் திரையிட வேண்டுமென்றால் கேட்கவேண்டியது, அமெரிக்காவில் பொதுத் திரையிடலுக்கு அனுமதி தரும் அதிகாரம் உங்களிடம் இருக்கிறதா என்று. எழுத்தில் கேளுங்கள். வாய்வார்த்தையாக ‘தாராளமா போடுங்க சார்’ என்று சொல்பவரிடம் அந்த உரிமை இருக்கிறதா என்பது அவருக்கே தெரியாமல் இருக்கலாம்.

இவ்வளவும் தேடியபிறகும் பல நேரங்களில் ஒன்றும் கிடைக்காது. அமெரிக்காவிலும் சரி இந்தியாவிலும் சரி, உரிமை பதிவால் பிறப்பதில்லை, எழுதிய கணத்தில் பிறக்கிறது. பதிவேட்டில் பெயர் இல்லை என்பதால் உரிமையாளர் இல்லை என்று ஆகாது. தமிழ் நூல்களில் மிகப்பெரும்பாலானவை எந்தப் பதிவேட்டிலும் கிடையாது. பதிப்பகம் மூடியிருக்கும், எழுத்தாளர் மறைந்திருப்பார், பிள்ளைகள் எந்த ஊரில் என்று தெரியாது. உரிமையாளர் அகப்படாத இத்தகைய படைப்புகளுக்கு வழிசெய்யும் மசோதா 2008ல் அமெரிக்க செனட்டில் நிறைவேறி, பிரதிநிதிகள் சபையைத் தாண்டாமல் நின்றுவிட்டது. சிற்றிதழ்களில் வந்த எத்தனையோ நல்ல கதைகள் இந்த இருட்டில்தான் கிடக்கின்றன. மறுபதிப்புச் செய்ய விரும்புபவர் பயந்து விலகுகிறார். பயப்படாதவர் யாருக்கும் ஒரு டாலர்கூடக் கொடுக்காமல் போட்டுக்கொள்கிறார். இரண்டிலும் நஷ்டம் அந்த எழுத்தாளரின் குடும்பத்துக்கும் வாசகருக்கும்தான்.

என் அனுபவத்தில் தமிழுக்கு மிகச்சிறந்த தரவுத்தளம் மனிதர்கள்தான். பழைய பதிப்பாளர், முன்னுரை எழுதிய நண்பர், அஞ்சலிக்குறிப்பு எழுதியவர் என்று நான்கு பேரைக் கேட்டால் ஐந்தாமவர் மகளின் எண்ணைத் தருவார். கேட்டவர்களில் பெரும்பாலோர் மகிழ்ச்சியோடு சம்மதித்திருக்கிறார்கள். அப்பாவை இன்னும் படிக்கிறார்களா என்று கேட்டவர்களும் உண்டு. கேட்ட தேதி, கேட்டவிதம், வந்த பதில் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிவைக்கிறேன். பதில் வராதபோதும் அந்தத் தாள் நாம் நேர்மையாகத் தேடினோம் என்பதற்குச் சாட்சி.

கடைசியாக, நம்மைப் பற்றி. நாம் இந்த நேரலைகளில் பேசும் பேச்சும் பதிவாகும் கணத்திலேயே ஒரு படைப்பு. சொற்கள் பேசியவருடையவை, காணொளி குழுவுடையது, எழுத்துவடிவத்தில் பதிப்பாசிரியரின் உழைப்பும் சேர்ந்திருக்கிறது. இன்னும் ஐம்பது ஆண்டு கழித்து யாராவது இந்த உரைகளில் ஒன்றைத் தொகுப்பில் சேர்க்க விரும்பினால் அவரும் நம்மைப்போல இருட்டில் துழாவக்கூடாது. ஒவ்வொரு உரையின் அடியிலும் இரண்டே வரி போதும். உரிமை யாருக்கு, மறுபிரசுரம் செய்ய யாரிடம் கேட்கவேண்டும். உங்கள் வீட்டில் எழுதுகிறவர் யாராவது இருந்தால், அவருக்குப் பிறகு அந்த எழுத்துக்கு யார் பொறுப்பு என்பதை அவர் இருக்கும்போதே எழுதி வாங்கி, பதிப்பாளரிடமும் ஒரு பிரதி கொடுத்துவையுங்கள். இந்த வாரமே செய்யக்கூடிய வேலை அது.

கேள்விகள் இருந்தால் கேட்கலாம்.